குளியலறைத் தரை வழுக்குகிறது: டைல்ஸை உடைக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

காவிரிக்கரை, திருச்சி | 3 நவம்பர் 2024, இரவு 9.40

தீபாவளியன்று விடியற்காலை 4.30 மணிக்கு அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனார். 5 மணி வாக்கில் குளியலறையிலிருந்து பெரிய சத்தம். வாளிதான் கவிழ்ந்தது என்று நினைத்து அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். இரண்டு முறை கூப்பிட்டும் பதில் வராதபோதுதான் ஓடினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தம்பி வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டான். ஆனால் கதவு உட்புறமாகத் திறப்பது. அம்மா அதன் மேலேயே சாய்ந்து கிடக்கிறார். தள்ளினால் அவர் மேல் இடிக்கும். கடைசியில் அவரே மெல்ல நகர்ந்து இடம் கொடுத்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. 6 வாரம் மாவுக்கட்டு. இடுப்பு தப்பியதே பெரிது என்றார் மருத்துவர். அம்மாவுக்கு 71 வயது.

வீடு 2011-இல் கட்டியது. குளியலறை 5 அடிக்கு 7 அடி. ஹாலுக்கு வாங்கிய பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸில் மிஞ்சியவற்றை வீணாக்க வேண்டாம் என்று அப்பா குளியலறையிலும் போடச் சொல்லிவிட்டார். 2 அடிக்கு 2 அடி அளவு. அப்பா இப்போது இல்லை. அவர் பக்கத்தில் நின்று போட வைத்த தரை என்பதால் அம்மா உடைக்கச் சம்மதிக்க மாட்டார். கட்டுப்போட்ட கையோடு இருப்பவரைத் தூசியில் உட்கார வைக்கவும் எனக்கு மனமில்லை.

ரப்பர் மேட், ஒட்டும் பட்டை, ஏதோ ஒரு திரவம் என்று கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தங்கள் வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரசமட்டம், கோயம்புத்தூர் | 3 நவம்பர் 2024, இரவு 10.25

சகோதரி, அம்மா நலம் பெற வேண்டுகிறேன். 22 ஆண்டுகளாகக் கட்டடப் பணியில் இருக்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா எந்த இடத்தில் வழுக்கினார்? வாளிக்கு அருகிலா, கழிப்பறைக் கோப்பைக்கு அருகிலா, கதவோரமா? அடுத்து, ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், எங்கேயாவது தேங்கி நிற்கிறதா? மூன்றாவது, உங்கள் தண்ணீர் காவிரியா, ஆழ்துளைக் கிணறா?

ஏன் கேட்கிறேன் என்றால், பளபளப்பான டைல்ஸ் காய்ந்திருக்கும்போது அவ்வளவாக வழுக்காது. காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் நுழையும்போதுதான் பிடிப்பு போகிறது. அது தண்ணீராக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம், சோப்பு நுரையாக இருந்தால் கடினம், எண்ணெயோடு சோப்பும் சேர்ந்தால் நிற்கவே முடியாது. தரையில் நுண்ணிய சொரசொரப்பு இருந்தால் அந்த மேடுகள் படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடும். உங்கள் தரையில் மேடே இல்லை, கண்ணாடி மாதிரி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு ரப்பர் செருப்பில் கயிறு கட்டுங்கள். அதன் மேல் 5 கிலோ அரிசிப் பையை வையுங்கள். பயணப் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் சிறிய கருவி இருக்கிறதே, அதைக் கயிற்றில் மாட்டி மெதுவாக இழுங்கள். செருப்பு நகரத் தொடங்கும்போது காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த தரை, நனைந்த தரை, சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரை என மூன்று முறை. கருவி வைத்து அளக்கும் தர அளவுகளோடு இதை ஒப்பிடக் கூடாது. ஆனால் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் உங்கள் தரை எவ்வளவு மாறியது என்பதை இது நன்றாகவே காட்டும்.

பளிங்கு, சேலம் | 4 நவம்பர் 2024, காலை 6.50

இதற்குச் செலவே வேண்டாம். கழிப்பறை கழுவும் ஆசிட் ஒரு பாட்டில் வாங்கி, தரை முழுக்க ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பளபளப்பு போய்விட்டது, வழுக்கலும் போய்விட்டது.

உப்புத்தண்ணீர், சென்னை | 4 நவம்பர் 2024, காலை 8.15

பளிங்கு அவர்களே, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இதைப் படித்து யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சற்று அழுத்தமாகவே எழுதுகிறேன்.

அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது டைல்ஸைக் காட்டிலும் டைல்ஸுக்கு நடுவே உள்ள சிமெண்ட் பூச்சைத்தான் முதலில் தின்னும். இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும். மாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கும். எங்கள் குடியிருப்பில் அதுதான் நடந்தது.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா ஒருநாள் பாசி போகட்டும் என்று தரையில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார். அது தெரியாமல் நான் கழிப்பறைக் கோப்பையில் ஆசிட் ஊற்ற, அது வழிந்து பவுடரில் பட்டது. மஞ்சளும் பச்சையும் கலந்த நெடி குப்பென்று எழுந்தது. குளோரின் வாயு. இருவரும் மூச்சுத் திணறி வெளியே ஓடினோம். அக்காவுக்கு இருமல் அடங்க இரண்டு நாள் ஆனது. ஜன்னல் இல்லாத குளியலறை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அலமாரியில்கூட இருக்கக் கூடாது.

காவிரிக்கரை, உங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் ஒரு செய்தி. கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் இரண்டும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காக மாறித் தரையில் படியும். விரல் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக மெழுகு போல வரும். நனைந்ததும் அதுவே வழுக்கும். அதாவது, நீங்கள் மிதிப்பது டைல்ஸையே அல்ல, பல ஆண்டுப் பிசுக்கை.

நான் செய்வது: முதல் நாள், அரை வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து ஊற்றி, 20 நிமிடம் விட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பேன். எண்ணெய்ப் பசை போகும். நன்றாக அலசிவிடுவேன். மறுநாள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, 10 நிமிடம் விட்டுத் தேய்த்து அலசுவேன். உப்புப் படிவு கரையும். இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், பயனில்லை. மார்பிள், கோட்டா கல் தரைக்கு எலுமிச்சை உப்பு ஆகாது, கல்லே அரிக்கும். விட்ரிஃபைடு டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

பளிங்கு, சேலம் | 4 நவம்பர் 2024, காலை 9.05

பிளீச்சிங் பவுடர் விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, இன்றே பிரித்து வைக்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: ஆசிட் ஊற்றிய பிறகு இடுக்குகளில் சிமெண்ட் உதிர்கிறது, தரையும் முன்பைவிட வேகமாகக் கறுக்கிறது. யாரும் நான் சொன்னபடி செய்ய வேண்டாம்.

வெள்ளைச்சீருடை, மதுரை | 4 நவம்பர் 2024, பகல் 2.30

ஓய்வுபெற்ற செவிலியர் நான். எலும்பு முறிவுப் பிரிவில் 14 ஆண்டுகள் இருந்தேன். தீபாவளி, பொங்கல், ஆடி வெள்ளி எது வந்தாலும் மறுநாள் எங்கள் பிரிவில் ஒரு பாட்டியாவது வந்துவிடுவார். விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களே மிகுதி.

தரையைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் அம்மாவைப் பற்றிக் கேட்கிறேன். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா? வெறும் வயிற்றில் வெந்நீரில் நெடுநேரம் உட்கார்ந்து குளித்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வெளியே வந்து "வழுக்கிவிட்டது" என்றுதான் சொல்வார்கள். தலை சுற்றியது என்று சொன்னால் பிள்ளைகள் பயப்படுவார்களே என்று மறைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. யாராவது விழுந்தால் கையைப் பிடித்து உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தால், அது பெரும்பாலும் தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. கிடந்தபடியே போர்வை போர்த்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

காவிரிக்கரை, திருச்சி | 5 நவம்பர் 2024, இரவு 8.55

எல்லோருக்கும் நன்றி. வெள்ளைச்சீருடை அக்கா சொன்னதுபோல் கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு, "எழுந்திருக்கும்போது கண் கொஞ்சம் இருட்டியது, ஆனால் கால்தான் முதலில் போனது" என்றார். இரத்த அழுத்த மாத்திரை 9 ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார். அடுத்த வாரம் மருத்துவரிடம் இதையும் சொல்லப் போகிறேன்.

இடம் தெரிந்துவிட்டது: குழாய்க்குக் கீழே, வாளி வைக்கும் மூலை. அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து குளிப்பார். ஒரு வாளி ஊற்றிப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்தும் அந்த மூலையில் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது. தண்ணீர் வெளியேறும் ஜாலி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 13 ஆண்டுகளாக அதே இடத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது, எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

தண்ணீர் ஆழ்துளைக் கிணறுதான்.

ரசமட்டம் ஐயா, அரிசிப் பையை வைத்து இழுத்துப் பார்த்தேன். காய்ந்த தரையில் 3.4 கிலோ. நனைந்த தரையில் 2.1. சோப்புத் தண்ணீரில் 0.8. அதே சோப்புத் தரையில் நல்லெண்ணெய் நான்கு சொட்டு விட்டேன், 0.5-க்கே செருப்பு நழுவியது. கையில் இழுக்கும் உணர்வே இல்லை. அம்மா இதன் மேல்தான் எழுந்து நின்றிருக்கிறார்.

கொத்தனார் மகன், விருதுநகர் | 5 நவம்பர் 2024, இரவு 10.10

அப்பா 30 ஆண்டுகளாக டைல்ஸ் பதிப்பவர். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டவுடன் "வாட்டம் விடவில்லை" என்றார், அதாவது தண்ணீர் ஓடத் தரையில் சரிவு வைக்கவில்லை.

குளியலறைத் தரைக்கு 1 அடிக்கு ஏறத்தாழ 1/8 அங்குலம் வாட்டம் வேண்டும். 7 அடி நீளத்துக்கு முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் இறக்கம். ஜாலி ஒரு மூலையில் இருக்கும்போது நான்கு பக்கமிருந்தும் அந்த மூலையை நோக்கித் தரை இறங்க வேண்டும். 1 அடி டைல்ஸில் இதைக் கொண்டுவருவது எளிது. ஒவ்வொரு டைல்ஸையும் நூல் கட்டிச் சற்றே சாய்த்துக்கொண்டு போகலாம். 2 அடி டைல்ஸ் விறைப்பாக நிற்கும். மூலைவிட்டமாக வெட்டிப் போட்டால்தான் வாட்டம் வரும். வெட்டினால் அசிங்கமாகத் தெரியும் என்று வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்பார்கள், பதிப்பவரும் சரிவில்லாமல் சமமாகவே போட்டுவிட்டுப் போய்விடுவார். குளியலறைக்குச் சிறிய டைல்ஸ் போடச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். இடுக்குகள் அதிகமாக இருந்தால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும் என்பது இரண்டாவது.

தரை முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை என்கிறார் அப்பா. தண்ணீர் நிற்கும் மூலையில் உள்ள ஒரு டைல்ஸை மட்டும் எடுத்துவிட்டு, கீழே கொஞ்சம் உயர்த்தி, அந்த இடத்தில் சிறு கட்டங்களாக உள்ள மொசைக் டைல்ஸைப் பதிக்கலாம். ஒருநாள் வேலை. எடுப்பதற்கு முன் சுற்றிலும் கட்டர் ஓட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து டைல்ஸும் விரிந்துவிடும். எடுத்த இடத்தில் தண்ணீர்க்கசிவு தடுக்கும் பூச்சு பூசி, காயவிட்டுத்தான் பதிக்க வேண்டும். அதில் அவசரப்படக் கூடாது என்று இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

தேக்கா வாசி, சிங்கப்பூர் | 6 நவம்பர் 2024, காலை 7.30

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடுகளில் முதியவர் இருந்தால் "ஈஸ்" என்ற திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 2012-இல் தொடங்கியது. குளியலறைத் தரைக்கு வழுக்காமல் இருக்க மருந்து பூசுவது, சுவரில் கைப்பிடிகள், வாசல் படிக்குச் சாய்தளம் ஆகியவை அதில் அடங்கும். சிங்கப்பூரர்களுக்கு வீட்டு வகையைப் பொறுத்துச் செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசு ஏற்கும்.

என் மாமியாருக்காகச் செய்தோம். டைல்ஸை உடைக்கவில்லை. இரண்டு பேர் வந்து தரையைக் கழுவி, ஒரு திரவத்தைத் தடவி, சற்று நேரம் விட்டு, நிறையத் தண்ணீரால் அலசினார்கள். பார்வைக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் ஈரக் காலோடு நின்றால் பாதம் பிடித்துக்கொள்வது தெரிகிறது. மாமியாருக்கு அதைவிடப் பிடித்தது கைப்பிடிதான். முதலில் அவரும் வேண்டாம் என்றார். இன்று அதைப் பிடிக்காமல் எழுவதில்லை.

கொல்லைப்புறம், தஞ்சாவூர் மாவட்டம் | 6 நவம்பர் 2024, காலை 11.45

எண்ணெய்க் குளியலை எதற்குப் பளபளப்பான அறைக்குள் செய்ய வேண்டும்? என் பாட்டி காலத்தில் கிணற்றடியில் கொத்திய கருங்கல் கிடக்கும். அதில்தான் எண்ணெய் தேய்த்து உட்காருவோம். காலில் எண்ணெய் வழிந்தாலும் கல் விடாது. சீயக்காய்க் கரைசலை வடித்த பிறகு மிஞ்சும் சக்கையைக் கல்லில் போட்டு ஒரு தேய் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு அதோடு போய்விடும். சிமெண்ட் தரை வந்த பிறகும், ஈரம் காய்வதற்குள் கயிறு வைத்து அழுத்திக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்கள். அழகுக்காகப் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கால் நிற்பதற்காகப் போட்டது.

உங்கள் வீட்டின் பின்புறம் துணி துவைக்கும் கல் இருந்தால், நான்கு பக்கமும் மறைப்பு கட்டி, எண்ணெய்க் குளியலை மட்டுமாவது அங்கே மாற்றுங்கள். முடியாவிட்டால், எண்ணெய் தேய்த்த கையோடு குளியலறைத் தரையைத் தொடாமல், வெளியே உட்கார்ந்து தேய்த்து, பாதத்தை மட்டும் சீயக்காயால் துடைத்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். உள்ளங்காலில் எண்ணெய் வைப்பதை அம்மா நிறுத்த வேண்டும். குளிர்ச்சி என்று வைப்பார்கள், இரவு படுக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

ரசமட்டம், கோயம்புத்தூர் | 6 நவம்பர் 2024, இரவு 9.30

நீங்கள் கேட்ட பொருள்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரப்பர் மேட்: அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ்கள் உள்ளதை வாங்கினால் உங்கள் வழவழப்பான தரையில் நன்றாக ஒட்டும். இதே மேட் சொரசொரப்பான தரையில் ஒட்டாது, மேட்டோடு சேர்ந்து ஆளும் நகர்வார். இதைத் தெரியாமல் தரைக்கு மருந்தும் பூசி மேட்டும் போட்டு விழுந்தவர்கள் உண்டு. மேட்டைத் தினமும் எடுத்துச் சுவரில் மாட்டிக் காயவைக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் அடியில் பாசி பிடித்து வழவழவென்று ஆகிவிடும்.

ஒட்டும் பட்டை: மணல் தாளைப் போன்றது மாடிப்படிக்கு, செருப்புக் காலுக்கு. முதியவர்களின் வெறும் பாதத்தைக் கீறிவிடும், சர்க்கரை நோயாளி என்றால் வேண்டவே வேண்டாம். வெறுங்காலுக்கு மணல் இல்லாத, ரப்பர் போன்ற மென்மையான பட்டை தனியாகக் கிடைக்கிறது. தரையை முழுக்கக் காயவைத்து, பிசுக்கில்லாமல் துடைத்து ஒட்ட வேண்டும். முனைகளை வளைவாக வெட்டினால் சீக்கிரம் பெயராது. எப்படியும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும்.

பூச்சு: மணல் கலந்த எபாக்சி வகைகள். தினமும் நனையும் இடத்தில் தோல் உரிவதுபோல் உரிந்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பளபளப்பான விட்ரிஃபைடு மேல் பிடிமானம் குறைவு. உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மருந்து, அதாவது தேக்கா வாசி சொன்னது: இது தரையின் மேல் படிவதில்லை, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை அரித்து உண்டாக்குகிறது. உங்கள் டைல்ஸுக்கு ஏற்றது இதுதான். ஆனால் கவனம். இவற்றில் பலவற்றில் ஹைட்ரோபுளூரிக் அமிலமோ அமோனியம் பைபுளூரைடோ இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமல், சில மணி நேரம் கழித்து உள்ளே இறங்கிய பிறகு வலிக்கும் ஆபத்தான பொருள் அது. தயவுசெய்து நீங்களே வாங்கிப் பூசாதீர்கள். கையுறை, கண்ணாடியோடு வந்து செய்யும் பழகிய ஆளிடம் கொடுங்கள். கோப்பைக்குப் பின்னால் ஒரு மூலையில் முதலில் பூசிக் காட்டச் சொல்லுங்கள். பளபளப்பு சற்று மங்கும். ஆளை வரவழைக்கும் முன் உப்புத்தண்ணீர் சொன்னபடி பிசுக்கை எடுத்துவிடுங்கள். பிசுக்கு மேல் பூசினால் மருந்து பிசுக்கைத்தான் அரிக்கும்.

டைல்ஸ் மேல் டைல்ஸ்: பசை, புதிய டைல்ஸ் இரண்டும் சேர்ந்து அரை அங்குலத்துக்கு மேல் தரை உயரும். கதவை அறுக்க வேண்டும், ஜாலியை உயர்த்த வேண்டும், குளியலறைத் தண்ணீர் ஹாலுக்கு வராமல் பார்க்க வேண்டும். உங்களுக்கு வாட்டமே தவறு என்பதால், அதே தவறு மேலேயும் வரும்.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கும் ஒரு சொல். கடையில் "மேட் ஃபினிஷ்" என்பார்கள். பளபளப்பு இல்லை என்பதுதான் அதன் பொருள், வழுக்காது என்று பொருள் இல்லை. சில பெட்டிகளில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண் இருக்கும். அது செருப்போடு எண்ணெய்த் தரையில் சோதித்தது, ஆர் 9 அதில் மிகக் குறைந்த பிடிப்பு உள்ள நிலை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்ற தனி வகை உண்டு. சோப்பு நீர் வழியும் சாய்தளத்தில் வெறுங்காலோடு ஆளை நடக்கவிட்டு, ஏ-க்கு 12, பி-க்கு 18, சி-க்கு 24 டிகிரிச் சாய்வு வரை நிற்க வேண்டும். குளிக்கும் இடத்துக்கு பி கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், மாதிரி டைல்ஸைக் கீழே வைத்துத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

காவிரிக்கரை, திருச்சி | 10 நவம்பர் 2024, மாலை 6.20

இரண்டு நாள் தேய்த்தேன். சலவைச் சோடா ஊற்றியபோது தண்ணீர் பழுப்பாக ஓடியது. எலுமிச்சை உப்புக்குப் பிறகு வாளி மூலையில் வெள்ளை வளையம் ஒன்று கரைந்து, டைல்ஸின் உண்மையான நிறமே வேறு என்று தெரிந்தது. சந்தன நிறம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் அப்பா வாங்கியது இந்த நிறம்தான்" என்றார்.

மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். நனைந்த தரை 2.1-இலிருந்து 2.5 ஆகியிருக்கிறது. சோப்புத் தண்ணீரில் மட்டும் 0.9. பெரிய மாற்றம் இல்லை. ஆகவே மருந்து பூச ஆள் பார்க்கிறேன். மூலை டைல்ஸ் ஒன்றை எடுக்க அம்மா சம்மதித்துவிட்டார். எடுத்த டைல்ஸை உடையாமல் பத்திரமாக வைக்க வேண்டும் என்று நிபந்தனை.

கைப்பிடிக்குத்தான் ஒப்பவில்லை. "நான் என்ன நோயாளியா? துண்டு போடும் கம்பி இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார்.

வெள்ளைச்சீருடை, மதுரை | 10 நவம்பர் 2024, இரவு 7.45

துண்டுக் கம்பியைப் பிடித்து அதையும் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்த இரண்டு பேருக்கு நான் கட்டுப் போட உதவியிருக்கிறேன். அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. இதை அம்மாவிடம் என் பெயரில் சொல்லுங்கள். நோயாளிக்காக அல்ல, பேத்தியைக் குளிப்பாட்டும்போது பிடித்துக்கொள்ள என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்பார்கள். உங்கள் அம்மா உயரம் குறைந்தவர் என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்காலியில் உட்கார வைத்து எழச் சொல்லுங்கள். எழும்போது கை தானாகச் சுவரில் எங்கே போய் ஊன்றுகிறதோ, அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். அங்கே ஒரு செங்குத்துக் கம்பி. கோப்பைக்குப் பக்கத்தில் படுக்கை வாட்டில் ஒன்று. முக்காலிக்குப் பதில், ரப்பர் கால் உள்ள, முழங்கால் உயர நாற்காலி. தாழ்வாக உட்கார்ந்து எழுவதுதான் முதியவர்களுக்குப் பெரும்பாடு.

கொத்தனார் மகன், விருதுநகர் | 10 நவம்பர் 2024, இரவு 9.00

கம்பி மாட்டும்போது: டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பின்னால் பொக்காக இருந்தால் சத்தம் வேறாகக் கேட்கும், அங்கே துளையிட்டால் விரியும். டைல்ஸைத் தாண்டும் வரை துளைக்கருவியில் சுத்தியல் அசைவை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளைக்கச் சொல்லுங்கள். செங்கல்லுக்குள் நன்றாக இறங்கும் நீளமான ஆங்கர் போல்ட் வேண்டும். மாட்டி முடித்ததும் உங்கள் தம்பியைத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அசைந்தால் மறுபடி மாட்ட வேண்டும்.

காவிரிக்கரை, திருச்சி | 18 ஜனவரி 2025, மாலை 5.10

பொங்கல் வேலைகள் முடிந்து இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

மூலையில் ஒரு டைல்ஸை எடுத்து, உயர்த்தி, 2 அங்குலக் கட்டங்கள் உள்ள மொசைக் பதித்தோம். தண்ணீர் இப்போது நிற்பதில்லை. எடுத்த டைல்ஸ் ஓரத்தில் சிறிது சிதைந்தாலும் முழுதாகவே வந்தது, அம்மா அதைத் துளசி மாடத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். மற்ற இடத்துக்கு மருந்து பூசினார்கள். பளபளப்பு பாதி போய்விட்டது. அரிசிப் பையை வைத்து இழுத்தால் நனைந்த தரையில் 3.2, சோப்புத் தண்ணீரில் 1.9. முன்பு 0.8 என்றிருந்தது.

தச்சர் அரை நாளில் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றிக் கொடுத்தார். தாழ்ப்பாளையும் மாற்றினோம், வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் சொருகித் திருப்பினால் திறக்கும். இதற்கு முன் இப்படியொரு தாழ்ப்பாள் இருப்பதே எனக்குத் தெரியாது. மொத்த வேலையிலும் எனக்கு அதிக நிம்மதி தந்தது இதுதான்.

மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்.

கைப்பிடி மாட்டினோம். தம்பி தொங்கிப் பார்த்தான், அசையவில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன், அவருக்குத் தெரியாது. எழுந்திருக்கும்போது கம்பியில் வளையல் உரசும் சத்தம் கேட்டது.

பொருநை, திருநெல்வேலி | 19 ஜனவரி 2025, காலை 10.20

மிக்க மகிழ்ச்சி. எங்கள் வீட்டுக்கும் இதையே யோசிக்கிறேன். மருந்து பூசிய தரை அழுக்குப் பிடிக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை, திருச்சி | 19 ஜனவரி 2025, பகல் 12.40

பிடிக்கிறது. முன்பு ஒரு முறை தண்ணீர் விட்டுத் தள்ளினால் போதும், இப்போது வாரம் இரண்டு முறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கிறது. துணியால் துடைத்தால் போகாது, குழிகளுக்குள் சோப்பு நின்றுவிடும். மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பு. சனிக்கிழமை காலையில் 20 நிமிடம் இதற்கென்று ஒதுக்கிவிட்டேன். தம்பி ஒரு வாரம், நான் ஒரு வாரம்.